பதினெட்டு பூஜ்யங்கள்

கம்ப்யூட்டர் மொழிகளில் பைத்தான் உசத்தியா, ஜாவாஸ்கிரிப்ட் உசத்தியா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். எனக்கு அந்தச் சந்தேகமே வந்ததில்லை. ஜாவாஸ்கிரிப்ட் ஒரு ஜால்ரா. எதைக் கொடுத்தாலும் தலையாட்டும். காலியான கட்டத்தைக் காட்டி, இதை எண்ணாக மாற்று என்றால் கூசாமல் பூஜ்யம் என்று சொல்லும். பைத்தான், 'இது எண்ணே இல்லை' என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லி நின்றுவிடும்.

குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டுக்கு, யார் எத்தனை கிலோ கொழுந்து பறித்தார்கள் என்று பதியும் புரோகிராமை முதலில் பைத்தானில்தான் எழுதினேன். லீவு போட்டவர்களின் கட்டத்தை ஆபீசில் காலியாக விடுவார்கள். அங்கே வந்ததும் புரோகிராம் நின்றுவிடும். இந்தக் குளிரில் யாராவது லீவு போடாத நாள் உண்டா? மேனேஜர் தினமும் போன் செய்தார்.

"ஏனுங்க, பர்லியார் வளைவுல லாரிக்குப் பின்னாடி நிக்கற பஸ்ஸாட்டம் நின்னுக்குதுங்களே!"

காலிக் கட்டத்துக்கென்று இரண்டு வரி எழுதியிருந்தால் தீர்ந்தது. எனக்கு எரிச்சல். மொத்தத்தையும் ஜாவாஸ்கிரிப்டில் மாற்றிக் கொடுத்தேன். அதன் பிறகு ஒரு நாள்கூட நிற்கவில்லை. மேனேஜர் வாய் நிறையப் பாராட்டினார். நானும் வெட்கமில்லாமல் இளித்தேன்.

மாதக் கடைசியில், குறைவாகப் பறித்தவர்களின் பட்டியலை எடைக்கொட்டகையில் ஒட்டினார்கள். முதலில் இருந்தவள் ஒரு தற்காலிகத் தொழிலாளி. அந்த மாதம்தான் அவளை நிரந்தரமாக்குவதாக இருந்தது. பதினெட்டு நாளுக்குப் பதினெட்டு பூஜ்யம். அத்தனையும் அவள் கர்ப்பப்பை ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்கள்.

"வேலைக்கு வந்து ஒரு கிலோகூட பறிக்கலைன்னு மிஷினே சொல்லுதும்மா" என்று மேனேஜர் அவளை நிரந்தரமாக்குவதை நிறுத்திவிட்டார். அவள் கொடுத்த லீவுச் சீட்டு அவர் மேசையிலேயே கிடந்தது. அந்த மகானுபாவருக்குத் திரையைப் பார்க்க மட்டும்தான் கண் இருந்தது.

அவள் விடவில்லை. என்னை வரவழைத்தார்கள். எடைக்கொட்டகையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நான் ஜாவாஸ்கிரிப்டை வாய்க்கு வந்தபடி திட்டினேன். கேடுகெட்ட மொழி, வராதவளுக்கும் வந்து சும்மா இருந்தவளுக்கும் வித்தியாசம் தெரியாத மொழி என்றேன். மேனேஜர் பலமாகத் தலையாட்டி, "தப்பு மிஷினோடதுதான். நிரந்தர லிஸ்ட்டுல பேரைச் சேத்தீறலாம்" என்று பட்டியலைக் கிழித்தார்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது அப்படித்தான் பண்ணும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமாங்க?"

"தெரியும்."

"அப்புறம் அதை ஏனுங்க திட்டறீங்க?"