பஞ்சு வைத்த கை

நாமக்கல் துணிக்கடையில் சிறுமிகள் போடும் பஃப் கை ரவிக்கை ஒன்று தொங்கியது. உப்பிய கையை அமுக்கிப் பார்த்தேன். உள்ளே காற்றுதான்.

சிறுவயதில், எருமப்பட்டி வாத்தியார் மகள் சரோஜா அப்படி ஒன்றைப் போட்டிருந்தாள். நானும் போட்டால் என்னை விளையாட்டில் சேர்த்துக்கொள்வாள் என்று நம்பினேன். அம்மா பழைய சேலையில் துணி கிழித்துக் கொடுத்தாள். பஃப் கையைப் பார்த்தேயிராத தையல்காரர் இலவம்பஞ்சை அடைத்துத் தைத்துவிட்டார்.

"இனி அமுங்காது சாமி" என்றார்.

மாரியம்மன் கோயில் நோன்பித் திருவிழாவில் அதைப் போட்டுக்கொண்டு சரோஜா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏம்புள்ள, தலகாணியோட வந்துட்டே, தூக்கம் வருதா?" என்றாள். எல்லோரும் சிரித்தபடி ராட்டினத்துக்கு ஓடினார்கள். நான் கோயில் சுவரோரம் என் தோளிலேயே தலை சாய்த்துக்கொண்டேன். மெத்தென்றுதான் இருந்தது.

"புள்ளைக்குங்களா?" என்றார் கடைக்காரர்.

"ஆமாங்க" என்று வாங்கிக்கொண்டேன். எங்கள் வீட்டில் பிள்ளைகள் யாரும் இல்லை.