மூச்சு விடாத வகுப்பு

பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் மூச்சக்கா. அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்கு மனதை ஒருமுகப்படுத்தும் பயிற்சி என்று உத்தரவு நீட்டி முழக்கி வந்திருந்தது. அவள் செய்ததெல்லாம் ஒன்றாம் வகுப்புக்குள் போய், கண்ணை மூடுங்க, மூச்சை இழுங்க, மெதுவா விடுங்க என்று கெஞ்சியதுதான். அதுகள் எந்த வழியாக விட்டன என்பதை எழுதினால் நன்றாக இருக்காது. ஒன்று விட்டால் வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும். அவளும் சேர்ந்து சிரித்துவிடுவாள்.

மேலதிகாரி வருகிறார் என்ற சேதி வரும் வரைதான் அந்தச் சிரிப்பெல்லாம். வகுப்பு அடங்கி இருந்தால் அவள் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மாத முடிவோடு நடையைக் கட்ட வேண்டியதுதான். துணிக்கடையில் நாளெல்லாம் நின்று, படபடப்பு நோய் வந்து, மருத்துவமனையில் மூச்சுப் பயிற்சி கற்று, அதையே பிழைப்பாக்கிக்கொண்டவள் அவள். திரும்பவும் அந்தக் கடை என்று நினைத்தாலே கால் கடுத்தது.

"இதுக்கா முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கீங்க? நான் பாத்துக்கறேன்," என்றார் வகுப்பு ஆசிரியை. அவர் எப்படிப் பார்த்துக்கொள்வார் என்பது பள்ளிக்கூடத்துக்கே தெரியும். மூச்சக்காவுக்கும் தெரியும். "ரொம்ப நன்றிக்கா," என்றாள்.

அதிகாரி வந்த அன்று காலை, ஆசிரியை பிரம்பால் மேசையில் ஓங்கித் தட்டினார். "மூச்சக்கா வகுப்புல யாராவது மூச்சு விட்டீங்க, தோலை உரிச்சிடுவேன்!"

வேறு எந்த வகுப்புக்குச் சொல்லியிருந்தாலும் பிள்ளைகள் வாயை மட்டும் மூடியிருப்பார்கள். இது மூச்சு வகுப்பாயிற்றே!

அதிகாரி கடைசி பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்தார். ஆசிரியை கரும்பலகை ஓரமாகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "இழுங்க," என்றாள் மூச்சக்கா. இழுத்தார்கள். "மெதுவா விடுங்க." ஒருவரும் விடவில்லை. கன்னங்கள் உப்பி, கண்களை மூடாமல், எல்லாரும் ஆசிரியையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதிகாரிக்கு ஆடாத அசையாத முதுகுகள் மட்டும்தான் தெரிந்தன. "அடேயப்பா!" என்றார். அந்த ஒரு சொல்லில் மூச்சக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

முன் பெஞ்சில் ஒரு சின்னப் பெண், காலையில் சாப்பிடாமலே வருகிறவள். முகம் சிவந்து, பிறகு உதடு வெளுத்தது. போதும்டா, விட்டுடு என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? பாவி மூச்சக்கா சொல்லவில்லை. "அப்படியே இருங்க கண்ணுங்களா," என்றாள், இருப்பதிலேயே இனிமையான குரலில்.

குழந்தை பக்கவாட்டில் சரிந்தது. தாடை பெஞ்சு முனையில் இடித்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

அதிகாரி எட்டிப் பார்த்தார். "என்னம்மா, தூங்கியே விழுந்துட்டாளா?"

குழந்தையின் வாயோரம் ரத்தம் கசிந்தது. மூச்சக்கா அதை மறைத்தபடி வந்து நின்றாள். "ஆமா சார்," என்று சிரித்தாள். "சில பிள்ளைங்க ரொம்ப ஆழமாப் போயிடுவாங்க."