எலுமிச்சம்பழம் கட்டிய போர் விமானம்

ஹஸீப் முதலாளியின் கடையில் ஒரு கதிரை நாலு மாதமாகக் காலியாகக் கிடந்தது. பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மின்சாமான் விற்கிற கடை அது. கதிரை இருந்தது பின்கட்டில், ரிப்பேர் மேசைக்கு முன்னால். அதில் உட்கார்ந்து வேலை பார்த்தவர் கத்தாருக்குப் போய்விட்டார். முன்னால் நின்று பல்பும் வயரும் விற்றுக்கொண்டிருந்த கிருஷாந்திக்கு அந்தக் கதிரை மேல் ஒரு கண்.

ஆசைப்படக் காரணம் இல்லாமலில்லை. தெமோதரைப் பக்கம் ஒரு தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள், பதினெட்டு வயதில் கட்டுநாயக்கா கார்மெண்டுக்குப் போய் ஏழு வருடம் தையல் மெஷினோடு மல்லுக்கட்டினாள். மெஷின் நின்றுவிட்டால் மற்றப் பெண்கள் தேத்தண்ணி குடிக்கப் போவார்கள். இவள் மெக்கானிக்கின் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு எட்டிப் பார்ப்பாள். ஸ்பானரை இவள் கையில் யாரும் நம்பிக் கொடுத்ததில்லை. பார்த்தே படித்துக்கொண்டு, மெக்கானிக் வரச் சுணங்கிய நாட்களில் தானே கழற்றிப் பூட்டிவிடுவாள். கழற்றுகிற ஒவ்வொரு திருகாணியையும் முட்டைத் தட்டின் குழிகளில் வரிசையாகப் போட்டு வைப்பது அவள் வழக்கம். கடைசியாகக் கழன்றது முதலில் ஏற வேண்டும். வரிசை ஒருநாளும் தப்பியதில்லை.

ரிப்பேர் வேலையைத் தனக்குத் தரச்சொல்லி ஒருநாள் வாய்விட்டே கேட்டாள். ஹஸீப் நல்ல மனுஷர்தான், கோபிக்கவில்லை. சிரித்தார். கோபித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

“எனக்கு ஒண்ணுமில்ல தங்கச்சி. சாமான் கொண்டு வர்ற ஆக்கள் நம்பணுமே,” என்றார்.

சொல்லிக்கொண்டே அவர் மேல்தட்டைப் பார்த்தார். அங்கே ஆளுயரப் பெட்டி ஒன்று இரண்டு வருடமாகத் தூசி படிந்து கிடந்தது. ஆசை ஆசையாக வெளிநாட்டிலிருந்து அவர் வரவழைத்த ரிமோட் விமானம். உலக யுத்த காலத்துப் போர் விமானம் ஒன்றின் அச்சு அசல் மாதிரி. இறக்கை மட்டும் ஏழு அடி. ஆனால் பெட்டியைத் திறந்தால் விமானம் இருக்காது. மரச் சட்டங்கள், கம்பிகள், மோட்டார், கைக்கு அகப்படாத சின்னச் சின்ன ஆணிகள் என்று சிதறிக் கிடக்கும். மூன்று பேர் திறந்து பார்த்து, மறுபேச்சில்லாமல் மூடி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

“அதப் பூட்டிப் பறக்க வைங்க. அந்தக் கதிரை ஒங்களுக்கு.”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். கிருஷாந்தி விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கே பெட்டியை இறக்கித் துடைத்தாள்.

பின்னேரம் சனம் குறைந்த பிறகு தினமும் ஒரு மணி நேரம், ஆறு வாரம் அந்த மேசையில் வேலை நடந்தது. கூட வந்த புத்தகம் முழுக்க இங்கிலீஷ். படங்களைப் பார்த்து முக்கால்வாசி விளங்கிக்கொண்டாள், மிச்சத்தை போனில் தேடிப் பார்த்தாள். முதல் வாரமே வாலைக் கோணலாக ஒட்டிவிட்டாள். பசையோ ஐந்து நிமிடத்தில் கல்லாகிவிடுகிற பசை. அழுகை வந்தது. ஒரு பாட்டம் அழுதுவிட்டு, பிளேடால் அறுத்தெடுத்து, தேய்த்துத் துடைத்து, நேராக ஒட்டினாள். இறக்கையின் அடியில் தொங்கவிடச் சொல்லி இரண்டு பிளாஸ்டிக் குண்டுகளும் பெட்டியில் இருந்தன. அவற்றை மட்டும் பைக்குள்ளேயே விட்டுவிட்டாள்.

“குண்டு ரெண்டு இருந்திச்சே?” என்று கேட்டார் ஹஸீப்.

“அது வேணாம் மொதலாளி. பறந்தா போதும், குண்டு போட வேணாம்.”

இவ்வளவையும் பூட்டினாலும், பறக்குமா விழுமா என்பதை முடிவு செய்வது பாரம்தான். இறக்கைக்கு அடியில், புத்தகம் குறித்துக் காட்டிய இடத்தில், இரண்டு பக்கமும் விரல்களை வைத்துத் தூக்கினால் மூக்கும் வாலும் சமமாக நிற்க வேண்டும். மூக்குக்குள் இருக்கும் பெட்டரியை இம்மி இம்மியாக நகர்த்தினாள். வியாழக்கிழமை பின்னேரம் விமானம் அவள் விரல்களில் அசையாமல் நின்றது. அன்றிரவு வயிறாரச் சாப்பிட்டாள்.

மறுநாள் போயா, பௌர்ணமி லீவு, கடை பூட்டு. அவள் புருஷன் ரமேஸ் தன் த்ரீவீலில் விமானத்தை, இறக்கையைத் தனியாகக் கழற்றி, ஏற்றிக்கொண்டு ஹாலிஎலப் பக்கத்துத் தோட்ட மைதானத்துக்குக் கொண்டுபோனான். அங்கே வைத்து அவள் இறக்கையைத் திரும்பப் பூட்டினாள். ஹஸீப் அங்கே முதலே வந்திருந்தார். அவருடைய மருமகன் ஷிபான் ரிமோட்டோடு நின்றான். கல்யாண வீடுகளில் ட்ரோன் விட்டுப் படம் எடுக்கிறவன் அவன், இந்த மாதிரி விமானமும் ஓட்டத் தெரியும்.

ரமேஸ் வெள்ளிக்கிழமை தவறாமல் த்ரீவீலின் முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டுகிறவன். புது வாகனத்தைச் சும்மா விடுவானா? விமானத்தின் இரண்டு சக்கரத்துக்கும் அடியில் ஒவ்வொரு எலுமிச்சம்பழம் வைத்துத் தள்ளினான். ஏழு கிலோ விமானத்துக்குப் பழம் நசுங்குமா? சக்கரம் பழத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. கடைசியில் காலால் மிதித்தே நசுக்கினான். பிறகு, ஹஸீப்பும் ஷிபானும் அப்பால் நின்று ரிமோட்டைச் சரிபார்க்கையில், மூன்று பெரிய பழங்களையும் ஒரு பிடி மிளகாயையும் கோத்த கயிற்றை எடுத்தான். முன்னால் விசிறி சுற்றுமே என்று யோசித்து, பத்திரமாக வாலில் கட்டினான். கிருஷாந்தி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சொல்லப்போனால் அவளுக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது.

விமானம் புல்லில் ஓடி எழும்பியது. எழும்பியதும் மூக்கு வானத்தைப் பார்த்தது. அப்படியே நின்று, தள்ளாடி, பக்கவாட்டில் சரிந்தது. ஷிபான் எப்படியோ இழுத்துப் பிடித்துத் தரையில் இறக்கினான். ஒரு சக்கரக் கால் வளைந்துவிட்டது.

“மூக்கக் கீழ எறக்கவே ஏலல,” என்றான் வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

“பரவாயில்ல தங்கச்சி. இவ்வளவு பூட்டினதே பெரிய விஷயம்,” என்றார் ஹஸீப்.

கதிரை கைநழுவிப் போவது அந்த அன்பான பேச்சிலேயே கிருஷாந்திக்குத் தெரிந்தது. அவள் விமானத்தின் பக்கத்தில் குந்தி, விரல்களை வைத்துத் தூக்கினாள். வால் பொத்தென்று கீழே இறங்கியது. நேற்றுச் சமமாக நின்ற விமானம். நேற்றைக்குப் பிறகு இதில் என்ன ஏறியது? வாலில் மூன்று பழமும் மஞ்சளாகத் தொங்கின.

ரமேஸுக்கும் அப்போதுதான் விளங்கியது. அவன் முகம் செத்துப்போனது.

“இதால தானா? யாரு கட்டின?” என்று கேட்டார் ஹஸீப்.

ரமேஸ் வாயெடுக்குமுன் கிருஷாந்தி முந்திக்கொண்டாள். “என் தப்பு மொதலாளி. இவரு கட்டுறப்போ நான் பாத்துக்கிட்டுதான் நின்னேன். புதுசா ஒரு சாமான் ஏறினா மறுபடி தூக்கிப் பாக்கணும். பாக்காம விட்டுட்டேன்.”

ஹஸீப் அவளையே பார்த்தார்.

அவள் கயிற்றை அவிழ்த்தாள். “அவுத்து வீசிறாத புள்ள, வழியில ஏதாச்சும் ஆயிரும்,” என்றான் ரமேஸ் மெதுவாக. அவன் பயம் அவனுக்கு. அவள் வீசவில்லை. மூக்கின் மூடியைத் திறந்து, பெட்டரிக்குப் பக்கத்தில் கயிற்றைச் சுருட்டி இறுக்கி வைத்தாள். இப்போது மூக்கு தாழ்ந்தது. பெட்டரியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினாள், தூக்கிப் பார்த்தாள், இன்னும் கொஞ்சம் தள்ளினாள். சமமாக நின்றது. வளைந்த காலைக் குறட்டால் நிமிர்த்திவிட்டு, மறுபடியும் ஒருமுறை தூக்கிப் பார்த்தாள்.

“இப்ப விடுங்க தம்பி.”

இந்த முறை விமானம் நேராக எழும்பியது. மைதானத்தைச் சுற்றி, தேயிலை மலைக்கு மேலே ஏறி, இறக்கை சரித்துத் திரும்பி வந்தது. லயத்துச் சனம் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தது. ஐம்பத்தைந்து வயது ஹஸீப் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் ஓடினார். ரமேஸ் அவள் கையைப் பிடித்திருந்தான். சக்கரம் தரையைத் தொடும்வரை அவள் விமானத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை ஒரு அம்மா ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். “மெக்கானிக் இல்லியா?”

“இருக்காங்களே,” என்று ஹஸீப் கிருஷாந்தியைக் காட்டினார்.

அந்த அம்மா குக்கரை மேசையில் வைக்காமல் தயங்கினார்.

“ஏரோப்ளேன் பூட்டின கை அது. ரைஸ் குக்கர் எம்மாத்திரம்?” என்றார் ஹஸீப். பிறகு குரலைத் தாழ்த்தினார். “அதவிட, தப்பு விட்டா மறைக்காமச் சொல்ற ஆளு. நம்பிக் குடுங்க.”

அந்த அம்மா குக்கரைக் கொடுத்தார். கிருஷாந்தி பின்கட்டுக்குப் போய்க் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். முட்டைத் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதல் ஆணியைக் கழற்றினாள்.