ஆறாம் அறை மணி

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. பர்னி ஊரில் மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு ஜூன் மாதம், பட்டப்பகலில், என் கண் முன்னால் நடந்தது இது.

முதியோர் இல்லம் ஒன்றின் கம்ப்யூட்டர் பிரிவில் எனக்கு வேலை. அங்கே ஆறாம் அறையில் ஆளே இல்லை. ஆனால் முதியவர்கள் பொத்தானை அழுத்தி நர்ஸைக் கூப்பிடும் உதவி மணி மட்டும் அந்த அறையிலிருந்து அடிக்கடி அடித்தது. புகார் வரும். எங்களில் யாராவது கம்ப்யூட்டரிலிருந்தே அந்த மணியை ரீஸ்டார்ட் செய்வோம். நர்ஸுக்குப் போன் போட்டு "நின்னுடுச்சா?" என்று கேட்போம். புகாரை முடித்துவிடுவோம். மறுவாரம் திரும்பவும் அதே புகார். கடைசியில், இதற்கு மூல காரணம் என்ன என்று தேடும் தலைவலி என் தலையில் விழுந்தது.

"இன்னிக்குள்ள காரணம் கிடைக்கலன்னா அந்த மணியையே தூக்கிடு" என்றார் மேலாளர் கீத். எனக்கும் அதுதான் ஆசை. அவ்வளவு அலுத்துப் போயிருந்தேன்.

பொத்தானை மாற்றினேன். சுவரிலிருந்த பெட்டியை மாற்றினேன். நர்ஸ் மெரில் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள்.

"என்ன டாக்டரே, நோயாளி பிழைக்குமா?"

"வெறுப்பேத்தாத, மெரில். இடுப்பு கழண்டு போச்சு."

கடைசியில் வயரையே பிடுங்கினேன்.

டிங்... டிங்...

வெளியே, எந்த அறை மணி என்று காட்டும் போர்டில் ஆறாம் எண் எரிந்தது. வயர் என் கையில் இருந்தது.

மெரில் ஓடினாள். என்னிடம் அல்ல... பக்கத்து ஏழாம் அறைக்கு.

அங்கே குளியலறைத் தரையில் டெட் என்ற கிழவர் கிடந்தார். மண்டையில் ரத்தம்... நல்லவேளை, மூச்சு இருந்தது.

ஆம்புலன்ஸ் போன பிறகு கேட்டேன்.

"அங்க ஏன் ஓடின?"

"எப்பவும் இப்படித்தான். ஆறுல அடிச்சா, பக்கத்துல யாராவது விழுந்து கிடப்பாங்க."

"ஏன் சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க? நின்னுடுச்சான்னீங்க. நின்னுடுச்சுன்னேன்."

போர்டிலிருந்து அந்த மணியை எடுக்கக் கை வரவில்லை.

ஆறில் கடைசியாக இருந்தது யார் என்று கீத்திடம் கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது.

"டல்சின்னு ஒரு பாட்டி... மணி வேலை செய்யலன்னு புகார் கொடுத்தாங்க. நம்ம ஆளு ஒருத்தன் இங்க உக்காந்தபடியே ரீஸ்டார்ட் பண்ணி, சரியாயிடுச்சுன்னு முடிச்சுட்டான். நேர்ல போய்ப் பாக்கல."

"அப்புறம்?"

"மறுநாள் தரையில கிடந்தாங்க. பொத்தானை அழுத்தினபடியே போயிருக்காங்க... விரலைப் பிரிச்சுத்தான் எடுத்தோம்."