மூச்சு மெஷின்காரர்

என் அக்காவின் கணவர், ஆஸ்பத்திரியில் செயற்கைச் சுவாசக் கருவிகளைப் பழுதுபார்ப்பவர். நர்சுகள் அவருக்கு வைத்த பெயர் ‘மூச்சு மெஷின்காரர்’. எனக்கு அத்தான். பிரித்துப் பார்க்க முடியாத எதன்மேலும் அவருக்கு நம்பிக்கை வராது. சர்ச் மைக்கும் அவர் பொறுப்பு என்பதால், எல்லோரும் கண்மூடி ஜெபிக்கும்போது அவர் மட்டும் ஒரு கண்ணை அரைகுறையாகத் திறந்து சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொள்வார். அவர் செய்யும் ஜெபத்திலும் எது, எவ்வளவு, எப்போதைக்குள் என்பதெல்லாம் தெளிவாக இருக்கும்.

“ஆண்டவருக்கே வேலைச்சீட்டு எழுதிக் கொடுக்கிற ஆளுடா உங்க அத்தான்” என்பாள் அக்கா.

பதினோரு வருடம் காத்திருந்து பிறந்த பெண், இரண்டரை மாதம் முந்திக்கொண்டாள். எடை ஒரு கிலோவுக்கு ஒரு பிடி குறைவு. அவளுக்கு மாட்டிய கருவி, முந்தின வாரம் அத்தானே சரிபார்த்து வைத்தது. வேறொருவருக்கு அது ஆறுதல். அவருக்கு அதுவே வினையாயிற்று. எந்தக் குழாய் எப்படிக் கழலும், எந்த வால்வு எப்போது அடைக்கும் என்பதெல்லாம் அவருக்குத்தான் அத்துப்படியாயிற்றே.

கீழ்த்தளத்தில் எழுந்து நடக்க முடியாமல் படுத்திருந்த அக்கா கேட்டாள், “பாப்பா யார் மாதிரி இருக்கா?”

“தொண்ணூத்திரெண்டுல இருக்கா” என்றார். திரையில் ஓடிய ஆக்சிஜன் அளவு அது.

நான்காம் நாள் குழந்தை இருந்த அறையில் எச்சரிக்கை மணி ஓயாமல் அடித்தது. தலைமை நர்ஸ் வந்தார். மூக்குநுனியில் கண்ணாடி, முகத்தில் சிரிப்பில்லை. கருவியைத் தட்டிப் பார்த்தார். எண்பத்தெட்டுக்குக் கீழே இறங்கினால் அடிக்க வேண்டிய மணி, தொண்ணூற்றுமூன்றுக்கே அடிக்கும்படி மாற்றப்பட்டிருந்தது.

“யாரு கை வச்சது?”

அத்தான் தரையைப் பார்த்தார். “கொஞ்சம் முன்னாடியே தெரிஞ்சா நல்லதுன்னு…”

“உங்களுக்குத் தெரியணும்னு பிள்ளையைத் தூங்கவிடாம பண்றீங்க சார். ஒவ்வொரு சத்தத்துக்கும் அதுக்குத் தூக்கிவாரிப் போடுது. நல்லா இருக்கிற ஆக்சிஜனும் அதுலதான் இறங்குது. பையைக் கொடுங்க.”

ஸ்க்ரூடிரைவர் பை தோளிலிருந்து இறங்கியது. அந்தப் பை இல்லாமல் அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றார்.

“நாளைக்குக் காலைல டாக்டர் குழாயை எடுத்துப் பாக்கப் போறாரு. கை கழுவிட்டு, அப்பாவா மட்டும் வாங்க.”

வெளியே வந்ததும் மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “மாப்ளே, அது தானா மூச்சு விடலேன்னா?”

பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆட்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு ஏறி இறங்கினார்கள்.

“ஆண்டவரே” என்று தொடங்கினார். எண்கள் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. “எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். தெரிஞ்சதை வச்சு அவளைப் படுத்திட்டேன். இனிமே உம்ம கையில விடுறேன். நீர் எடுத்துக்கிட்டா…” படியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, “நீர் கொடுத்த பிள்ளை” என்றார். திரும்பிப் பார்த்தேன். இரண்டு கண்களும் இறுக மூடியிருந்தன.

மறுநாள் காலை பதினோரு மணி. நான் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம். டாக்டர் ஒட்டுப்பட்டையைப் பிரித்துக் குழாயை உருவினார். கருவி நின்றது.

மார்பு அசையவில்லை.

தலைமை நர்ஸ் குழந்தையின் உள்ளங்காலைத் தேய்த்தார். அத்தானின் கைகள் பழக்கத்தில் கருவியை நோக்கி எழுந்தன; நடுவழியில் நின்றன. பிறகு ஒரு கையை மட்டும் மெல்லக் குழந்தை கிடந்த பெட்டிக்குள் விட்டு, ஆரஞ்சுப் பழத்தைவிடச் சற்றே பெரிய அந்தத் தலையின்மேல் குவித்து வைத்தார். எதையும் தொட்டுத் திருகாத அந்தக் கையை அன்றுதான் பார்த்தேன்.

விலா எலும்புகளுக்கு அடியில் ஒரு சிறு குழி விழுந்தது. நிரம்பியது. மறுபடி விழுந்தது. யாரும் தள்ளாத காற்று உள்ளே போய் வந்தது. கண்ணாடியில் என் மூச்சு படிந்து மறைத்தது. துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

“இன்னும் ரெண்டு நாள் பாத்துத்தான் சொல்லணும்” என்றார் டாக்டர், கதவைத் திறந்துகொண்டு.

அத்தான் தலையாட்டினார். டாக்டர் கதவைத் திறந்தபடியே விட்டுப் போன பிறகும் கையை எடுக்கவில்லை.

“மூச்சு விட இதுக்கு யாரு சிஸ்டர் சொல்லிக் கொடுத்தது?” என்று கேட்டார், கோயிலில் பேசுவதுபோலத் தாழ்ந்த குரலில்.

“முப்பது வருஷமா இங்க நிக்கிறேன் சார்” என்றார் அவர், கண்ணாடியைக் கழற்றியபடி. “ஒவ்வொரு தடவையும் நானும் இப்படித்தான் நிக்கிறேன்.”