இருமலுக்கு ஒரு பூ

நூற்றெட்டு நாமங்களில் பாதியைத் தாண்டிச் சற்றுப் போனதும் ஞானசம்பந்தக் குருக்கள் ஒருமுறை இருமுவார். முகம் இடது தோளை நோக்கித் திரும்பும், கண்கள் மூடும். சளி புரளும் இருமல் அல்ல. காய்ந்த ஓலை முறிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். அதே நேரத்தில் வலது கை தட்டிலிருந்து ஒரு பூவை எடுத்து அம்மன் பாதத்தில் இட்டிருக்கும். முகம் நேரானதும் அடுத்த நாமம் வரும். மாரியிலும் கோடையிலும், காய்ச்சல் கிடந்து எழும்பிய நாளிலும் அந்த இடத்தில் அந்த ஒரு இருமல். வேறெங்கும் இல்லை.

நயினாதீவுக்குப் படகில் வருகிற சனம் இறங்கியதும் பெரிய கோவிலுக்குப் போய்விடும். குருக்களின் கோவில் தீவின் மற்றக் கரையில், பனைகளுக்கு நடுவே இருக்கிற சின்ன அம்மன் கோவில். தகப்பனுக்குப் பிறகு அவர். அங்கே ஒரு வழக்கம் உண்டு. அர்ச்சனைக்குப் பூ எண்ணித்தான் வரும். ஒரு நாமத்துக்கு ஒரு பூ. முடிவில் வெறும் தட்டைக் கவிழ்த்துக் காட்டவேண்டும். தட்டில் பூ மிஞ்சினால் அர்ச்சனை குறை.

குருக்கள் கேள்வி கேட்கிற மனிதர் அல்ல. மகள் பைரவிக்கு அதுதான் வேலை. யாழ்ப்பாணத்தில் உளவியல் படிக்கிறவள் லீவுக்கு வந்தால் பைக்கு முன்னால் கேள்விகள் வந்து இறங்கும். கொட்டாவி ஏன் ஒருத்தரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுகிறது? கிணற்றடியில் தண்ணீர் வார்க்கும்போது மட்டும் நல்ல யோசனை ஏன் வருகிறது? அரைகுறையாய்த் தெரிந்த பாட்டு ஏன் நாள் முழுக்க மண்டைக்குள் சுற்றுகிறது?

"பிறந்த உடன மற்றப் பிள்ளையள் அழும்," என்பாள் தாய். "இவள் ஏன் அழவேணும் எண்டு கேட்டவள்."

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு இருந்தபோது கேட்டாள். "அப்பா, அந்த ஒரு இடத்தில மட்டும் ஏன் இருமுறீங்கள்?"

"எந்த இடத்தில?"

"தெரியாதோ? ஊருக்கே தெரியும்."

குருக்கள் யோசித்தார். "அது மூச்சு எடுக்கிற இடம். அப்பாவும் அதிலதான் இருமுவார்."

"மூச்சு எடுக்கிறதெண்டால் மூச்சைத்தானே எடுக்கவேணும்? இருமாமல் சொன்னால் என்ன நடக்கும்?"

"ஒண்டும் நடவாது. சோத்தைத் தின்."

மறுநாள் இருமாமல் சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் முடிவில் தட்டில் ஒரு செவ்வரத்தம்பூ மிஞ்சியிருந்தது. பூவைக் கூடுதலாக எண்ணிவிட்டாய் என்று மனைவியிடம் சொன்னார்.

"முப்பது வருசமாய் எண்ணுறன். இண்டைக்குத்தான் எனக்குக் கணக்குப் பிழைச்சதோ?"

இருமலைக் கவனித்ததில் எங்கோ ஒரு நாமம் வழுவியிருக்கவேண்டும் என்று அவர் எடுத்துக்கொண்டார். அடுத்த நாள் வேண்டுமென்றே இருமினார். நாடகக்காரன் இருமுகிற மாதிரி வந்தது. அதற்குப் பிறகு வரவேண்டிய நாமம் வரவில்லை. மணியைப் பலமாக அடித்துக்கொண்டு, முதலிலிருந்து தொடங்கினார். அந்த இடத்துக்கு வந்ததும் திரும்பவும் இருட்டு. அச்சுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். அதன் ஒழுங்கு வேறு, நாமங்களிலும் பல வேறு. தகப்பன் காதால் கேட்கவைத்துத் தந்த பாடம் எந்தப் புத்தகத்தோடும் ஒத்துவராது. இருந்த கொஞ்சமும் குழம்பியது.

பைரவி முகம் வாடிப்போனாள். "என்ர பிழை, அப்பா. படி இறங்கேக்க காலைப் பாத்தால் தடக்குப்படும். நான் உங்களைக் காலைப் பாக்க வைச்சிட்டன்."

"இனி எப்பிடிப் பாக்காமல் விடுறது?"

 

திருவிழாவுக்கு இரண்டு கிழமைதான் கிடந்தது. அதில் வெள்ளிக்கிழமை உபயம் செல்வரத்தினத்துடையது. மாத்தறையில் கடை வைத்திருந்த இந்த ஊர்க் குடும்பம். இப்போது பிள்ளைகளோடு கனடாவில். வருடா வருடம் வந்து, நூற்றெட்டுத் தாமரை கொண்டு அர்ச்சனை செய்விக்கிறவர். குருக்கள் தடுமாறுகிற கதை அதற்குள் ஊரில் பரவிவிட்டது. நல்லூர்ப் பக்கம் இருந்த ஒன்றுவிட்ட தம்பி சுதர்சனன் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"ஏலாட்டில் சொல்லுங்கோ, அண்ணை. நான் வந்து செய்து தாறன். நிர்வாகமும் என்னட்டைக் கேட்டவை."

அந்தக் கடைசி வசனம்தான் குருக்களுக்குள் இறங்கியது. ஒரு திருவிழாவுக்கு வருகிறவர் அடுத்த திருவிழாவுக்கும் வருவார். பிறகு நித்திய பூசைக்கும் வருவார்.

"வெள்ளிக்கிழமை பாப்பம்," என்றார். "அண்டைக்கும் பிழைச்சால், நீயே வா."

வெள்ளிக்கிழமை ஈரச் சாக்கில் சுற்றித் தாமரைகள் படகில் வந்தன. நிர்வாகத்தார் முன்வரிசையில் நின்றார்கள். செல்வரத்தினம் பட்டு வேட்டியோடு, கைகூப்பி, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பெண்கள் பக்கத்தில் பைரவி தூணோடு ஒட்டி நின்றாள்.

குருக்கள் தொடங்கினார். நாமங்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வந்தன. பாதி கடந்தது. அந்த இடம் கிட்டக் கிட்ட அவருக்குத் தன் தொண்டை தெரிந்தது, கை தெரிந்தது, முதுகில் வியர்வை இறங்குவது தெரிந்தது. தாமரையொன்று விரல்களுக்குள் இருந்தது. வாய் நின்றுவிட்டது.

ஒரு கணம்தான். பின்னாலிருந்து ஒரு இருமல் கேட்டது. காய்ந்த ஓலை முறிகிற மாதிரி.

கை தன்பாட்டில் பூவை இட்டது. அடுத்த நாமம் வந்தது. அதன் பின்னால் மற்றவையும் வந்தன. முடிவில் குருக்கள் தட்டைக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு இதழும் விழவில்லை. சுதர்சனனுக்கு யாரும் தொலைபேசி எடுக்கவில்லை.

வெளிவீதியில் பைரவி செல்வரத்தினத்தைப் பிடித்துக்கொண்டாள். "இருமினது நீங்கள்தானே?"

"நானோ?" செல்வரத்தினம் மகனைப் பார்த்தார். மகன் சிரித்தான்.

"நீங்கள்தான், அப்பா. அங்கை வீட்டில அம்மனுக்குப் பூ வைக்கேக்கயும் இருமுறனீங்கள்."

"எனக்குத் தெரியாது, பிள்ளை. பெரிய ஐயா, உன்ர அப்பப்பா, இருந்த காலத்தில, சின்னப்பெடியனாய்க் கேட்டுக் கேட்டு வந்தது போலை."

கொட்டாவி மட்டுமா தொற்றுகிறது என்று பைரவி வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தாள்.  அடுத்த நாள் காலையில் அவர் இருமினார். இருமியது அவருக்கே தெரியவில்லை.

ஆவணியில் ஒரு திவசத்துக்காகக் குருக்கள் கரம்பொனுக்குப் போனார். தகப்பனின் தங்கை சிவயோகம் மாமி அங்கேதான் இருக்கிறா. எண்பது தாண்டியும் காதும் கண்ணும் தெளிவு. எல்லாம் முடிந்து கதிரையில் இருந்து தேத்தண்ணி குடிக்கும்போது, பகிடியாய்த்தான் கதையைச் சொன்னார்: மகளின் கேள்வி, மிஞ்சிய பூ, செல்வரத்தினத்தின் இருமல். மாமி சிரிக்கவில்லை.

"அது மூச்சு எடுக்கிற இடமெண்டு ஆர் சொன்னது?"

"நானாய் நினைச்சதுதான். ஏன்?"

"அதில ஒரு பேர் இருக்கு, மோனை. உனக்கு மேல அக்கா ஒருத்தி இருந்தவள். கல்யாணி. தத்தித் தத்தி நடக்கிற வயசு. வயித்தோட்டம். கச்சான் காத்தில வள்ளம் விடேலாமல் கிடந்தது, ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக முந்திக் கண்ணை மூடிட்டாள். நீ அதுக்குப் பிறகு பிறந்தனி. உங்கட வீட்டில ஒருத்தரும் கதைக்கிறேல்லை. அண்ணைக்கு அந்தப் பேர் பிறகு வாயில வரவேயில்லை. அம்மனுக்குச் சொல்லுற இடத்திலயும் வரேல்லை. இருமிப்போட்டுப் பூவை மட்டும் போடுவார்."