சாம்பலாய்ப் போன பத்தொன்பது கைநாட்டுகள்

என் புருஷன் சூசை 1996 ஐப்பசியில் இறந்தார். கடல் அவரை எடுக்கவில்லை. வலையை உதறும்போது ஒரு திருக்கை மீனின் வால் முள் காலில் ஏறியது. "பட்ட காலிலே படும்னு சும்மாவா சொன்னாங்க" என்று சிரித்துக்கொண்டேதான் வீட்டுக்கு நொண்டி வந்தார். இருபத்திரண்டாம் நாள் அடக்கம் செய்தோம்.

நான் பாம்பன் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரி. பெயர் செபஸ்தியம்மாள். எட்டாவதுக்கு மேல் படிப்பில்லை. பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டு பங்குக் கோயில் மருந்தகத்தில் காயம் கட்டுகிறேன். ஊரார் காலையெல்லாம் ஆற்றிய இந்தக் கைக்கு, தாலி கட்டியவர் காலை ஆற்ற முடியவில்லை. புண் புரையோடியது. கணுக்கால் கறுத்தது. மதுரை ஆஸ்பத்திரியில் காலை எடுக்க வேண்டும் என்றார்கள்.

"கால் இல்லாம வள்ளத்துல எங்கன நிக்க? வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ புள்ள" என்றார்.

முழங்கால் தோல் உரிய ஜெபித்தேன். அவர் பிழைக்கவில்லை. சாட்சி சொல்ல வந்தவள் இதை மறைக்கக் கூடாது. அந்த ஜெபத்துக்கு நான் கேட்டது கிடைக்கவில்லை.

மறுவருஷம் முருகேசன் சார் வந்தார். சிக்கல் ஊர்க்காரர், மதுரையில் மருந்தியல் கல்லூரி வாத்தியார். திருக்கை முள் காயம் ஏன் இப்படி அழுகுகிறது, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று ஆராய வேண்டும் என்றார். பம்பாயில் ஒரு தனியார் அறக்கட்டளை இந்த மாதிரி மருத்துவ ஆராய்ச்சிக்குப் பணம் தருமாம். ஆனால் சும்மா தராது. முள் குத்தியவர்கள் முதல் நாளிலிருந்து என்ன செய்தார்கள் என்பதை அவரவர் வாயால் கேட்டு எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி, மனுவோடு அனுப்ப வேண்டும்.

"உங்களாலதாம்மா முடியும். என்கிட்ட வாயத் திறக்க மாட்டாங்க" என்றார்.

மூன்று மாதம் குடிசை குடிசையாக ஏறி இறங்கினேன். பத்தொன்பது பேர் சொன்னார்கள். எல்லோரும் ஒரே பாட்டுத்தான்: "குத்துச்சுக்கா, கழுவுனேன், மருந்தகத்துக்கு வந்தேன்." என் வீட்டுக்காரர் கதையை நானே எழுதினேன். ஒரே வரி. குத்தியது, காய்ச்சல் வந்தது, இறந்தார். அதற்கு மேல் பேனா ஓடவில்லை.

இனி நான் செய்த பிழை. எங்கள் ஊரில் ஒன்பது செவ்வாய் அந்தோணியார் பக்தி உண்டு. வேண்டுதலை எழுதி உறையிலிட்டு அவர் பாதத்தில் வைப்போம். ஒன்பதாம் செவ்வாய் பூசை முடிந்ததும், கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை அத்தனையையும் பிரிக்காமல் எரித்துவிடுவார். சாமிக்கு எழுதியதை மனுஷன் படிக்கக் கூடாது. அன்று எட்டாவது செவ்வாய் என்று நினைத்து, மனுவும் கைநாட்டுக் கதைகளும் இருந்த பழுப்பு உறையையும் ஒரு ராத்திரி ஆசீருக்காகப் பாதத்தில் வைத்தேன். விலாசம் இன்னும் எழுதவில்லை. காலையில் சார் வந்து இங்கிலீஷில் எழுதுவதாக ஏற்பாடு. ஒரு செவ்வாய் நான் கதை சேகரிக்க அடுத்த ஊர் போயிருந்தேனே, அதை எண்ண மறந்துவிட்டேன். அன்றைக்குத்தான் ஒன்பது.

காலையில் போனால் கோயிலுக்குப் பின்னால் சாம்பல்.

சார் முகம் வெளுத்துவிட்டது. இங்கிலீஷ் மனுவுக்கு அவரிடம் நகல் இருந்தது. கைநாட்டுகளுக்கு இல்லை. இன்னும் நாலு நாளில் அனுப்பியாக வேண்டும். சேதி கேட்டு ஊரே கூடிவிட்டது, கதை சொன்ன அடுத்த ஊர்க்காரர்களும் வந்துவிட்டார்கள்.

என் நாத்தனார் லூர்து மதினி கோயில்பிள்ளையைப் பிடித்துக்கொண்டாள். "சாமியே வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான்னு சும்மாவா சொன்னாங்க!"

"ஏத்தா, நான் என்னத்தக் கண்டேன்? உறைக்கு மேல பம்பாய்னா எழுதியிருந்துச்சு?" என்றார் அவர்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வெடித்தது. அந்தச் சாம்பல் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். ஆண்டவரிடம் பணம் கேட்கவில்லை. "அவரை நான்தான் கொன்னுட்டேனா? இதுக்கு மட்டும் பதில் சொல்லும்" என்று கேட்டேன். அது வாய்விட்டு வந்துவிட்டது.

"என்ன மதினி சொல்லுற?" என்றாள் லூர்து.

அத்தனை பேர் முன்னால் சொன்னேன். முதல் அஞ்சு நாள் அவர் காலை நான் கழுவவில்லை. அவர் அய்யா செய்ததுபோல மண்ணெண்ணெய்த் துணியைச் சுற்றிக்கொண்டார். "கடல் முள்ளுக்கு ஒன் மருந்து கேக்காது" என்றார். ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவள், வீட்டில் சண்டை வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு கூட்டத்திலிருந்து ஒரு கிழவர் சொன்னார்: "நானும் மண்ணெண்ணெய்தான் போட்டேன் தாயி. நீ வையுவியேன்னு மறைச்சேன்." இன்னொருவர் சுண்ணாம்பு என்றார். ஒருவர் புகையிலை என்றார். பத்தொன்பது பேரும் முன்பு என்னிடம் பொய்தான் சொல்லியிருக்கிறார்கள்! அன்று யாரும் கடலுக்குப் போகவில்லை. வரிசையாக வந்து நடந்ததை நடந்தபடி சொன்னார்கள். சார் எழுதினார். கடைசியாக என் கதை. இருபத்திரண்டு நாளையும் சொன்னேன்.

"அம்மா, பழைய காகிதம் பம்பாய்க்குப் போயிருந்தா நம்ம ஆராய்ச்சியே பொய்யில நின்னுருக்கும்" என்றார் சார்.

"அது கெடக்கட்டும் சார். நான்தான் கொன்னேனா?"

அவர் கண்ணைத் திருப்பவில்லை. "தெரியாதும்மா. அதைத்தான் கண்டுபிடிக்கப் போறோம்."

மனு குறித்த நாளில் போய்ச் சேர்ந்தது. அஞ்சு மாதம் கழித்துப் பணம் தருவதாகக் கடிதம் வந்தது. ஊர் பட்டாசு வெடித்தது. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இதெல்லாம் அவர் உயிரோடு இருக்கும்போதே வந்திருக்கக் கூடாதா?

ஆராய்ச்சி மூன்று வருஷம் நடந்தது. முடிந்ததும் சார் வீடு தேடி வந்தார். திருக்கை முள்ளின் நுனி முறிந்து சதைக்குள் நின்றுவிட்டால், அதைக் கீறி எடுக்காதவரை மேலே எந்த மருந்து போட்டாலும் புண் அழுகத்தான் செய்யும் என்றார். "உங்க வீட்டுக்காரருக்கு அப்படித்தான் நின்னுருக்கணும். நீங்க தினமும் கழுவிக் கட்டியிருந்தாலும் அதை எடுத்திருக்க முடியாதும்மா. இதை முதல்ல உங்ககிட்ட சொல்லணும்னு வந்தேன்."

சாம்பல் பக்கத்தில் நான் கேட்ட கேள்விக்கு ஆண்டவர் தந்த பதில் அதுதான். சொப்பனத்தில் வரவில்லை, அசரீரியாக வரவில்லை. ஒரு வாத்தியாரின் மூன்று வருஷ உழைப்பாக வந்தது. இன்று எங்கள் கரையில் முள் குத்தினால் அன்றைக்கே வருகிறார்கள், போட்டதை மறைப்பதில்லை. நானும் வைவதில்லை.

துக்கம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய்ச்சாட்சி. அவர் படுத்த பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்போது அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடிகிறது. இதை வாசிக்கிற என் சொந்தங்களே, ஆண்டவரிடம் உங்கள் நல்ல முகத்தை மட்டும் கொண்டுபோகாதீர்கள். வெட்கப்படுகிறதையும் கொண்டுபோய்க் கொட்டுங்கள். பதில் பிந்தலாம். கேட்ட காது உண்டு.